முறை வைத்த மருந்து

சுண்ணாம்பில் வாய் வெந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். வெற்றிலை போடுகிற வாய் எங்களுடையது. என் மனைவி காளியம்மாளுக்குச் சுண்ணாம்பு எப்போதும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். அவள் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தபோது, கூட நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். வெற்றிலையை நாலு நாள் விடு, தேங்காயெண்ணெய் தடவு என்றார்கள். அவள் வெற்றிலையை விட்டாள். வெள்ளை அவளை விடவில்லை. பிறகு எனக்கும் வந்தது. ரெண்டு பேரும் ஒரே டப்பாச் சுண்ணாம்பைத்தானே தொடுகிறோம் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எனக்கு எரிச்சலோடு நின்றது. அவளுக்கு அப்படி இல்லை. முதலில் குழம்பை விட்டாள். பிறகு சோற்றைக் கரைத்துக் குடித்தாள். கடைசியில் நீராகாரம் மட்டும் என்று ஆனது. ரவிக்கையை இருபுறமும் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள், அதுவும் தொளதொளத்தது. சேற்றில் இறங்கினால் ஒரு வரிசை நட்டு முடிப்பதற்குள் கரையேறி உட்கார்ந்துவிடுவாள். அவள் நட்ட வேகத்துக்கு மற்றவர்கள் ஓடி வந்த காலம் ஒன்று இருந்தது.

எங்கள் ஊர் கீழ்வேளூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே. ஆஸ்பத்திரி என்றால் நாகப்பட்டினம் பக்கம். ஆனால் அங்கே வாசலில் நின்றாலே ஊர்க்காரர் நாலு பேர் பார்ப்பார்கள். எனக்கு எதுவோ மனதில் பட்டிருக்க வேண்டும், ரயிலேறித் தஞ்சாவூருக்கே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு எடுத்துவிட்டு எனக்கும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒரு தனி அறையில் உட்கார வைத்துச் சொன்னார்கள்.

யாரால் யாருக்கு என்ற பேச்சைத் திரும்பி வரும்போது ரயிலில் பேசினோம். திருவாரூர் வருவதற்குள் பேசி முடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவளும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

கூட்டு மருந்து என்று தினமும் போடுகிற மாத்திரையை ஆரம்பித்தார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற நாளாகும், அதுவரை வாயில் இருக்கிற வெள்ளைக்குத் தனியாக மருந்து போட வேண்டும் என்றார் டாக்டர் சுடர்விழி. சின்ன வயசுப் பெண். நாக்கைப் பார்த்துவிட்டு, இது ஒரு வகைக் காளான், சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். காளியம்மாள் என் பக்கம் திரும்பி, "வைக்கப்போருலதான் காளான் மொளைக்கும்னு இருந்தேன், வாய்லயுமா?" என்றாள். அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

பிறகு அவர் ஒரு விஷயம் கேட்டார். வாயில் போடுகிற மருந்து இரண்டு இருக்கிறது. ஒன்று ஊதா நிறம். பஞ்சில் தொட்டு நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தடவ வேண்டும். இன்னொன்று மஞ்சளாக, பால் மாதிரி இருக்கும். வாயில் ஊற்றிக் கொப்பளித்து, கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்து விழுங்க வேண்டும். ஊதா மருந்து பழைய மருந்து, எந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் வைத்துவிடலாம். மஞ்சள் மருந்து எல்லா இடத்திலும் கிடைக்காது. ஊதாவும் அதே அளவு கேட்கிறதா என்று பார்க்கத்தான் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, நீங்கள் சேருகிறீர்களா என்று கேட்டார். சேராவிட்டாலும் வைத்தியம் உண்டு, அதில் குறை வைக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

கையெழுத்துப் போடுகிற காகிதத்தைக் கொடுத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். நீளமான வாக்கியம் என்றால் நடுவில் எனக்கு மூச்சு வாங்கும். நர்ஸ் ஜெயபாரதி பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. காளியம்மாள்தான் சீக்கிரம் முடிவு செய்தாள். நமக்குப் பிறகு வருகிற ஜனங்களுக்கு ஆகட்டுமே என்றாள்.

யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுத்தான் சொல்லும். ஒட்டிய உறையைப் பிரித்தார்கள். எனக்கு ஊதா, அவளுக்கு மஞ்சள்.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ரெண்டுல எதும்மா நல்ல மருந்து? அத அவளுக்குக் குடுத்துருங்களேன்."

"ரெண்டுமே கேக்குற மருந்துதான் ஐயா. எது கூடக் கேக்கும்னு எனக்கே தெரிஞ்சிருந்தா சீட்டு எதுக்குப் போடுறேன்?" என்றார்.

தொண்டையில் முழுங்கும்போது வலிக்கிறதா, நெஞ்சுக்குள் அடைக்கிறதா என்று இரண்டு பேரையும் கேட்டார்கள். எனக்கு இல்லை. காளியம்மாளும் இல்லை என்றாள். கிளம்பும்போது ஜெயபாரதி கண்டிப்பாக ஒன்றைச் சொன்னது. உங்கள் மருந்தை நீங்கள் மட்டும்தான் போட வேண்டும், ஒருவர் மருந்தை இன்னொருவர் தொடக் கூடாது. சரி என்று தலையாட்டினோம்.

அந்த 'தொடக் கூடாது' என்பதை நாங்கள் நோய்த் தொற்றுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். அவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் எதைச் சொன்னாலும் தொற்றை வைத்துத்தான் சொல்வார்கள். பிளேடு மாற்றிக்கொள்ளாதே, ஊசி மாற்றிக்கொள்ளாதே என்று. எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே வியாதி. என்னிடமிருந்து அவளுக்குப் புதிதாக எது ஒட்டப் போகிறது?

ரயிலில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்து வந்தாள். இரண்டு மருந்தும் என் மடியில் பையில் இருந்தன. நான் செய்கிற வேலை, வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. கடைமடை ஊர் எங்களுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊர் வயிற்றையும் நிறைத்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வந்து சேரும். வருகிறது குறைவு. அதனால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம், இன்று இவர் வயல், நாளை அவர் வயல் என்று. எந்த வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று தெரியாத வருஷம் இரண்டு மடையையும் வெட்டி வைப்போம். எந்த வாய்க்காலில் வந்தாலும் இரண்டு வயலுக்கும் பாதிப் பாதி. முழு வயலும் காயாமல் பார்த்துக்கொள்கிற வழி அது. எது கேட்கும் என்று டாக்டருக்கே தெரியாத இரண்டு மருந்து மடியில் இருக்கும்போது எனக்கு வேறு என்ன தோன்றும்?

சொன்னேன். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தாளாம். எனக்கு ஊதா கேட்காமல் போய் அவள் மட்டும் தேறிவிட்டால் தனக்குச் சோறு இறங்குமா என்றாள். காலையில் இரண்டு பேருக்கும் ஊதா, சாயங்காலம் இரண்டு பேருக்கும் மஞ்சள் என்று முறை வைத்தோம்.

மஞ்சள் மருந்து சப்பென்று இனிப்பாக இருக்கும், அதில் தொந்தரவு இல்லை. ஊதாதான் மானத்தை வாங்கியது. பஞ்சில் தொட்டு அவள் நாக்கில் நான் தடவுவேன், என் நாக்கில் அவள் தடவுவாள். எச்சில் ஒழுகினால் துண்டெல்லாம் ஊதா. என் வெள்ளைச் சட்டை ஒன்று அதோடு போயிற்று. வாயைத் திறந்தால் மை குடித்த மாதிரி இருப்போம். நல்ல வேளையாக நாவல்பழம் பழுக்கிற காலம் அது.

நான் தண்ணீர் கட்டுகிற நிலத்தில் பெரும்பகுதி தியாகராசன் குத்தகைக்கு எடுத்தது. அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரு நாள் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னதும் என் வாயையே பார்த்தார்.

"என்னய்யா தொரராசு, நாவமரத்த உலுக்கி மொத்தமா வாய்ல கொட்டிக்கிட்டியா?"

ஆமாம் என்றேன். அவர் அதோடு விடவில்லை. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நிமிர்த்தி, "காளியக்கா வாயும் அப்படித்தாங்க இருக்கு. இந்த வயசுல புருசனும் பொண்டாட்டியும் மரத்தடியில என்னா பண்ணுறாங்கன்னு தெரியல" என்றாள். வயல் முழுவதும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். ஊர் எங்களைச் சந்தேகப்பட்டது அந்த விதத்தில்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இரண்டு பேர் வாயில் ஊற்றியதில் மஞ்சள் மருந்து சொன்ன நாளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஊதாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் வெள்ளை போயிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், நாக்கு சிவப்பாக என்னுடைய பழைய நாக்காக இருந்தது. அவளுடையதையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கங்கே ஊதாக் கறை தவிர அங்கேயும் சுத்தம். அன்றைக்குக் கெளுத்தி மீன் வாங்கி வந்தேன். அவளே குழம்பு வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு காரம் என் வாயில் காரமாக மட்டும் இருந்தது, எரியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சாப்பிட்டேன். அவளைச் சாப்பிடச் சொன்னேன். நீங்கள் சாப்பிட்டுப் போங்கள், நான் வேலையை முடித்துவிட்டு உட்காருகிறேன் என்றாள். தினமும் அப்படித்தான் சொன்னாள். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து இருக்கும். சோறு தின்கிறாள், உடம்பு ஏறவில்லை, மாத்திரைச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மடையடியில் மண்வெட்டியோடு நின்றேன். அன்று முறை எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு. தண்ணீர் கலங்கலாக, மெதுவாக வந்தது. வருகிற தண்ணீரில் என்ன வருகிறது என்று பார்ப்பது என் கண்ணின் பழக்கம். பாம்பு வரும், பாட்டில் வரும், மேலே எங்கேயாவது உரம் போட்டிருந்தால் நுரை வரும். அன்று வாய்க்காலில் ஓரிடத்தில் கெண்டைக் குஞ்சுகள் கும்பலாகத் துள்ளிக்கொண்டு வந்தன. குனிந்து பார்த்தேன். சோறு. பருக்கை பருக்கையாக வெந்த சோறு, அதோடு மஞ்சளாகக் குழம்பெண்ணெய்.

அந்தக் கிளை வாய்க்காலின் கரையில் எங்களுக்கு மேலே வேறு வீடு இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைதான் அதில் முடிகிறது.

மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். காளியம்மாள் கொல்லைப் படியில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் சத்தம் போடவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா?" என்றேன்.

தட்டைக் கீழே வைத்தாள். "மொதல்லேருந்தே. வாயி நல்லாயிடுச்சு, அது நெசம். முழுங்குனாத்தான் இங்க நிக்குது" என்று நெஞ்சின் நடுவில் கையை வைத்தாள். "முள்ளு மாதிரி. தண்ணி மட்டும் எறங்கும்."

"டாக்டரம்மா அன்னைக்கே கேட்டாங்களே காளி. ஏன் இல்லன்ன?"

அவள் சொன்னாள். அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொன்னதும் தள்ளுவண்டியில் உட்கார வைத்து வார்டுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். தன்னையும் படுக்க வைத்துவிட்டால் ஊரில் என்ன சொல்வது? எங்கே காளியக்கா என்று கேட்டுக்கொண்டு நடவுப் பெண்கள் அத்தனை பேரும் ரயிலேறி வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் வாழைப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் ஜனங்களின் வழக்கம். எந்த வார்டு, என்ன வியாதி என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் மறைத்தாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று பார்த்தாள்.

அவள் கையைப் பிடித்தேன். வளையல் முழங்கை வரை ஓடியது. இப்படியே விட்டால் அடுத்த நடவுக்கு இவள் இருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வியாதி அல்ல, பசி கொண்டுபோய்விடும்.

மறுநாள் முதல் ரயிலுக்கே கிளம்பினோம். எங்களை வரச் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. ஜெயபாரதி எங்களைப் பார்த்ததும், என்ன அண்ணே, முன்னாடியே வந்துட்டீங்க என்று கேட்டுக்கொண்டே காளியம்மாளை வாயைத் திறக்கச் சொன்னது. விளக்கைப் பிடித்துப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தது.

"அக்கா, ஒங்களுக்கு மஞ்சள்தானே குடுத்தோம்? நாக்கு ஏன் ஊதாவா இருக்கு?"

நாவல்பழம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி என் மனம் போனது. அதற்குள் காளியம்மாள் சொல்லிவிட்டாள். "அவரு மருந்துல பாதி எனக்கு, எம் மருந்துல பாதி அவருக்கு. முறை வச்சுப் போட்டுக்கிட்டோம்."

ஜெயபாரதி விளக்கை அணைத்துவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டது. "அய்யோ அக்கா" என்றது, அவ்வளவுதான். எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. எதுவோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. துரத்திவிடுவார்கள், இவளுக்கு இனி மருந்து தரமாட்டார்கள், திரும்பி நாகப்பட்டினத்தில் போய் நிற்க வேண்டும் என்று பயந்தேன்.

டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் மடை, வாய்க்கால், தண்ணீர் முறை எல்லாவற்றையும் சொன்னேன். தொடக் கூடாது என்றதை நாங்கள் எப்படி எடுத்துக்கொண்டோம் என்பதையும் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ஆளுக்கு ஒரே மருந்து போட்டால்தானே எது என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும், இரண்டையும் கலந்துவிட்டால் எந்தத் தண்ணீரில் பயிர் வந்தது என்று எப்படிச் சொல்வேன் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்க ரெண்டு பேரையும் இனிமே இந்தக் கணக்குல சேத்துக்க முடியாது ஐயா" என்றார்.

"அப்ப அவளுக்கு வைத்தியம்?"

"கணக்குலேருந்துதான் எடுத்தேன். வைத்தியத்துலேருந்து எடுப்பனா? மொத நாளே சொன்னேன்ல."

காளியம்மாள்தான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, முள் மாதிரி நிற்பதையும், சோற்றை வாய்க்காலில் விட்டதையும், ஏன் மறைத்தாள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். எடை போட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வாய் சுத்தமாகிவிட்டது. வாயில் போட்ட மருந்து வாயில் வேலை செய்துவிட்டது, அது ஊதாவோ மஞ்சளோ இரண்டுமோ. ஆனால் காளான் வாயோடு நிற்கவில்லை, உணவுக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. அங்கே பஞ்சால் எட்டித் தடவ முடியாது, கொப்பளிக்கவும் முடியாது. அதற்கு ரத்தத்தில் கலந்து போகிற மாத்திரை வேண்டும். முதல் நாளே தெரிந்திருந்தால் இந்த ஆராய்ச்சியிலேயே சேர்த்திருக்க மாட்டேன், அன்றைக்கே மாத்திரை கொடுத்திருப்பேன் என்றார்.

காளியம்மாள் மெல்லக் கேட்டாள். "படுக்கணுமாம்மா?"

"தண்ணியும் கஞ்சியும் எறங்குதுல்ல, வீட்லயே இருங்க. மாத்திரை போட்டும் கொறையலன்னா வந்துரணும், குழா விட்டுப் பாக்கணும். அப்ப வார்டுல இருந்துதான் ஆகணும். ஆனா ஒண்ணும்மா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். ஒங்கள யாரு பாக்க வரணும், யாரு வரக்கூடாதுன்னு அத நாங்க பாத்துக்குறோம். அதுக்காகச் சோத்தைத் தண்ணியில விடாதீங்க."

இவ்வளவு நாள் அழாத காளியம்மாள் அப்போது அழுதாள். ஜெயபாரதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது தொட்ட விதத்தை நான் மறக்கவில்லை. கையுறை இல்லை, தயக்கம் இல்லை. சொந்தத் தங்கச்சி தொடுகிற மாதிரி.

கிளம்பும்போது நான் ஜெயபாரதியிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் கணக்கைக் கெடுத்துவிட்டோமே என்றேன். அது சிரித்துக்கொண்டு, "நல்லதுக்குத்தான் அண்ணே. இனிமே ஒரு வீட்டுக்கு ஒரே மருந்துதான்னு டாக்டர் மேலிடத்துல கேக்கப் போறாங்க. அனுமதி வாங்கித்தான் மாத்தணுமாம். புருசன் பொண்டாட்டிய நம்பி ரெண்டு மருந்து குடுத்தது எங்க தப்பு" என்றது.

ரயிலில் வரும்போது நான் அந்த ஆராய்ச்சியில் இருக்கிற மற்றவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. திருவையாற்றுப் பக்கம் யாரோ ஒருத்தர், வேதாரண்யம் பக்கம் யாரோ ஒருத்தர். ஊதா மருந்தைத் தடவிக்கொண்டு ஊருக்குப் பதில் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டு திரிவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மஞ்சள் கிடைத்ததே, அது நல்லதோ என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனாலும் தன் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நாங்கள் செய்ய முடியாமல் போனதை அவர்கள் செய்கிறார்கள். ஒரு நாள் எங்கள் கடைமடைச் சுகாதார நிலையத்தில் எது வைத்தால் போதும் என்று தெரிய வந்தால், அது அவர்கள் பொறுத்துக்கொண்டதால்தான் தெரிய வரும். முகம் தெரியாத அவர்களுக்கு நான் கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

மாத்திரையை அவள் கையில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை பாதி எனக்கு என்று கேட்கவில்லை. முதல் நாளும் மறுநாளும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கஞ்சியைக் கூட இரண்டு வாயோடு நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். குழாய் விடுவது பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவள் தூங்கும்போது நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டே தூங்கினாள்.

அதற்கடுத்த நாள் காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்தேன். கஞ்சிப் பாத்திரம் காலியாக இருந்தது. எனக்கு இப்போது எதையும் நம்புவதற்குத் துணிச்சல் இல்லை. அவள் எதிரிலேயே கொல்லைப்பக்கம் போய்ப் படியைப் பார்த்தேன்.

"போயிப் பாருங்க, போயிப் பாருங்க. மீனுக்கிட்ட விசாரிச்சுட்டு வாங்க" என்றாள்.

அந்தக் கிண்டல் குரல் எவ்வளவு நாளாகக் காணாமல் போயிருந்தது என்று எனக்கு அது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

நான் மத்தியானச் சோற்றைக் குழைய வடித்தேன். பருப்பைக் கடைந்து ஊற்றி, உப்பும் நெய்யும் மட்டும் போட்டுப் பிசைந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒரு உருண்டையை வாயில் வைத்து மெல்ல விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூச்சு விடாமல் பார்த்திருந்தேன். கண்ணைத் திறந்தாள்.

"நிக்கல" என்றாள். "எறங்கிருச்சு."

அடுத்த உருண்டை. அதற்கடுத்தது. வேகமாகத் தின்னாதே என்று நான் சொல்ல, தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதென்னங்க சோறா, இல்ல எலெக்சனுக்கு நோட்டீசு ஒட்டுற பசையா? இப்புடியா கொழைய விடுவாங்க?"

"ஒனக்காகத்தான் கொழைய விட்டேன்."

"எனக்காகன்னா நாளைக்கிப் பொலபொலன்னு வடிங்க. கொஞ்சம் மோர் மொளகாயும் வறுங்க. இப்ப இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

எழுந்து போய்ப் பானையைச் சாய்த்தேன். அடியில் ஒரு கரண்டிதான் இருந்தது. அவள் இப்படித் தின்பாள் என்று யார் எதிர்பார்த்தார்கள், எனக்கும் சேர்த்துக் கொஞ்சமாகத்தான் வடித்திருந்தேன். அந்த ஒரு கரண்டியை அவள் தட்டில் போட்டுவிட்டு, அரிசியைக் களைந்து மறுபடி உலை வைத்தேன்.